நாறாத குப்பை

குப்பை வேண்டுமாம். அதுவும் நாறாத குப்பையாக வேண்டுமாம்.

காலையில் கொழுந்தன் வந்து சொன்னபோது, தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் அலுவலகத்தின் மேல்மாடி முழுக்கப் பெருக்கித் துடைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தியிருந்தாள்.

"இன்னைக்கு உழைப்பாளர் மரியாதை நாள்மா. முதலாளியே துடைப்பம் எடுத்துப் பெருக்கப் போறாரு. பெருக்குறதுக்கு ஏதாவது கிடக்க வேணாமா? நல்லதா பாத்துக் கொண்டுவந்து போடு. ஈரமா இருக்கக் கூடாது, வாடை வரக் கூடாது."

'மா' என்றானே, அதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் வாய்க்கு வாய் அண்ணிதான். அவன் அண்ணன் இறந்த பிறகும் அவள் சமையலறையில்தான் அவனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அதைச் சொல்லிக்காட்டவும் தவறியதில்லை. ஆனால் கழுத்தில் டை ஏறி, துப்புரவு மேற்பார்வையாளர் என்று சட்டையில் அட்டை தொங்கிவிட்டால் அண்ணி காணாமல் போய்விடுவாள். அவளும் அவனை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். உறவு வெளியே தெரிந்தால் மரியாதை போய்விடுமாம்!

அவள் தலையாட்டினாள். அவனிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததே.

மேல்மாடியில் இருக்கும் கழிப்பறைகளையெல்லாம் கழுவுவது அவள்தான். ஆனால் ஒன்றில்கூட அவள் போகக் கூடாது. துப்புரவுப் பெண்களுக்கு என்று அடித்தளத்தில் ஒன்று உண்டு. அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி எத்தனையோ மாதமாகிவிட்டது. அதனால் அவள் வேலைக்கு வந்தால் வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் அடிவயிற்று வலி தாங்காமல் டாக்டரிடம் போனாள். இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் திட்டி அனுப்பினார். மேலே போக அனுமதி வாங்கிக் கொடு என்று கொழுந்தனிடம் அன்றிலிருந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

"முதலாளிகிட்ட கேட்டீங்களா சார்?"

"இன்னைக்கு நாள் நல்லபடியா முடியட்டும். சந்தோஷமா இருக்கும்போது காதுல போட்டு வைக்கிறேன். நீ முதல்ல குப்பையைப் பாரு."

பழைய காகிதங்களைக் கிழித்து, கையால் கசக்கி, தான் துடைத்த தரையில் தானே இறைத்தாள். அடுத்து, முதலாளி கழுவப்போகும் விருந்தினர் கழிப்பறை. அவர் கழுவுவதற்காக அதை முன்கூட்டியே இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, வாசனை வேறு அடித்து வைத்தாள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

முதலாளி கையுறையோடு வந்தார். காகிதத்தை நாலு இழுப்பு இழுத்து சோபாவுக்கு அடியில் தள்ளினார். கைதட்டல். "தொழில்ல உசந்தது தாழ்ந்தது கிடையாது. இவங்க என் அம்மா மாதிரி" என்றார் வாய் கூசாமல். அவர் அம்மாவுக்கு இவள் வயதில் பேத்தி இருப்பாள். அவள் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார். படம் எடுத்து முடிந்ததும் பூங்கொத்தை ஒருவன் திரும்ப வாங்கிக்கொண்டான், இன்னொரு கிளைக்கு அது வேண்டுமாம். முதலாளி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி மாட்டினார். அவள் அதைப் பார்த்தாள். குப்பையைத் தொட்டபோது மாற்றாத உறை, அவள் கையைத் தொட்டதும் மாறிவிட்டது. அடச்சீ!

பிறகு அவளுக்குப் பழச்சாறு. குடிப்பதுபோல் படம் எடுக்க வேண்டும். வெளிச்சம் சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று புகைப்படக்காரன் மறுபடி மறுபடி குடிக்க வைத்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கொழுந்தன் கண்ணை உருட்டினான். பெரிய பெரிய தம்ளராகக் குடித்துத் தொலைத்தாள்.

முதலாளி அறைக்குள் காபி குடிக்கப் போன நேரத்தில் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"சார், அவசரம். ஒரே ஒரு தடவை இங்கயே போயிட்டு வந்துடறேன்."

"அறிவிருக்கா உனக்கு? அவர் கழுவப்போற இடம் அது. கொஞ்சம் அடக்கிக்க."

எவ்வளவு நாள்தான் அடக்குவது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். விருந்தினர் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். தான் கழுவிய பீங்கானில் முதல்முறையாக உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியாலா நிம்மதியாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம். முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று.

"ஏம்மா! வெளிய வா!"

அவள் அசையவில்லை.

"அண்ணி... அண்ணி, உங்க கால்ல விழறேன். முதலாளி வர்றாரு. என் வேலையே போயிடும் அண்ணி!"

இப்போது மட்டும் அண்ணி வந்துவிட்டாளே!

அவள் நிதானமாக எழுந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, கை கழுவி, கதவைத் திறந்தாள். வெளியே முதலாளி, கேமரா, டை கட்டிய கூட்டம். உள்ளே ஒரு கறை கிடையாது, முன்பு எப்படிப் பளபளத்ததோ அப்படியே பளபளத்தது. ஆனால் முதலாளி அவளைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், ஓர் அடி பின்னால் போனார்.

"இவங்க யூஸ் பண்ணாங்களா? வேற டாய்லெட் இல்லையா?"

"ரெண்டே நிமிஷம் சார், நான் சுத்தம் பண்ணிடறேன்" என்று கொழுந்தன் பாய்ந்தான். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தைத் தேய் தேய் என்று தேய்த்தான். யாரும் படம் எடுக்கவில்லை. தேய்த்துவிட்டு, குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினான். முகர்ந்து பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி சோப்பை எடுத்தான்.

அவள் அவன் பின்னால் வந்து நின்றாள். இத்தனை பேர் முன்னால், சார் என்று அவள் சொல்லவில்லை.

"நல்லா கழுவுங்க, தம்பி. உங்களுக்கு மூணு வேளையும் சோறு போடுறது, இந்தக் கக்கூஸைக் கழுவுற கைதான்."