வெட்டக் கூடாத இரண்டு கேபி

முருகேஸ்வரி அக்காவின் மிளகாய்த் தோட்டம் காய்ந்ததற்குக் காரணம் நான்தான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

பாளையம்பட்டியில் போர்க்கிணற்று மோட்டார்களுக்குத் தானியங்கிப் பெட்டி செய்து விற்கிறேன். ‘காலை ஆறுக்குப் போடு, தண்ணி குறைஞ்சா நிறுத்து’ என்று போனில் தட்டி அனுப்பினால், பெட்டிக்குள் இருக்கும் சிப் வரிவரியாகப் படித்து அப்படியே செய்யும். அப்படிப் படிக்கிற இன்டர்பிரிட்டர் புரோகிராம் நான் எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பந்தல்குடிப் பக்கம் முதல் பெட்டியை வாங்கியவர் அக்காதான். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மோட்டாரு நின்னா, ஏன் நின்னுச்சுன்னு தமிழ்ல எழுதிக் காட்டணும் தம்பி. நான் ஒத்தையில கெடக்கேன், யாருகிட்டப் போயிக் கேக்க?”

சரி என்றேன். எழுதி, சிப்புக்கு ஏற்றபடி கம்பைல் செய்தால் புரோகிராம் முப்பத்து நான்கு கேபி, அதாவது கிலோபைட், வந்தது. சிப்பில் முப்பத்திரண்டுதான் கொள்ளும். தமிழ் எழுத்துருவும் செய்திகளும் சேர்ந்து இரண்டு கேபி. யோசிக்காமல் அவற்றை வெட்டிவிட்டு எண்களை வைத்தேன். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அச்சடித்துத் தருவதாகச் சொன்னேன். தரவில்லை.

மாசிக் கடைசியில் போரில் தண்ணீர் இறங்கியது. பெட்டி ஒழுங்காக மோட்டாரை நிறுத்திவிட்டு 7 என்று காட்டியிருக்கிறது. அக்கா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். திரும்பத் திரும்ப 7. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஒயரைக் கழற்றி நேராகக் கரண்டு கொடுத்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் கருகிவிட்டது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் புதிதாகக் கட்டி மறுபடி இறக்க ஒன்பது நாள். அதற்குள் பூவும் பிஞ்சும் கொட்டி, செடி சருகாகிவிட்டது.

அதன்பிறகுதான் புரோகிராம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். சைன், காஸ், லாகரிதம் என்று கணக்குப் போடும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து மூன்று கேபி. கணினி மொழி என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்ற வீம்பில் வைத்திருந்தேன். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச எவன் சைன் கேட்டான்? அவற்றைத் தூக்கியதும் தமிழ் உள்ளே போய், இடமும் மிஞ்சியது. ஒரு மத்தியான வேலைதான்.

புது சிப்பைப் போடப் போனேன். அக்கா திட்டுவார் என்று பயந்தேன், மோர் கொடுத்தார். தண்ணீர் மட்டம் பார்க்கும் ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன். எழுத்து வந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

“போரில் தண்ணீர் இல்லை. ஊறி வர நான்கு மணி நேரம் பொறுக்கவும்.”

இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நாலு மணி நேரந்தானா? பொறுத்திருப்பேனே தம்பி.”