யெப்பே கேட்காத வரம்

1

இந்தக் கதை ஒரு வயிற்றுப் புண்ணில் பிறந்தது. மற்றவர்களுக்குப் போரிலிருந்தும் காதலிலிருந்தும் கதை பிறக்கிறது. எனக்கு வாய்த்தது டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தொண்டரின் வயிற்றுப் புண். அவர் பெயர் யெப்பே. என் பெயர் ரஸ்மியா. பக்கத்து நகரத்தில் பள்ளி ஆசிரியை. மாலையில், எங்கள் கிர்பத் ஸாத்தர் கிராமத்துக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுத் தொண்டர்கள் அத்தனை பேருக்கும் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே ஒரு தடவை ஒருவர் சொல்லாததைச் சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறேன். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்காதீர்கள். இல்லை.

2

தொடக்கம்: "கலீல் நகரத்துக்குத் தெற்கே, பொன்னிற மலைகளின் மேல் சூரியன் மெல்ல—"

வேண்டாம். எங்கள் மலை பொன்னிறமில்லை, துவைக்காத போர்வை நிறம். சூரியனைப் பற்றித் தொண்டர்கள் ஏற்கெனவே ஊருக்குப் போய் நிறைய எழுதிவிட்டார்கள்.

இன்னொரு தொடக்கம்: "துப்பாக்கி முனையில் வாழும் ஒரு மக்கள்—"

இதுவும் வேண்டாம். துப்பாக்கி வரும், அவசரமில்லை. எங்கள் ஊரில் அது கூப்பிடாமலே வரும்.

2 (மறுபடியும்)

சரி, வயலிலிருந்து தொடங்குகிறேன். ஊருக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்து வயல் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது, பாகம் பிரிக்காதது. அதற்கு மேலே குன்றில், எங்கள் நிலங்களைப் பிடித்துவரும் குடியேறிகள் சில வண்டிவீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே ஒரு சட்டம் உண்டு: மூன்று வருடம் உழாத நிலம் கைவிடப்பட்ட நிலம். முதலில் அரசு எடுத்துக்கொள்ளும், பிறகு அது எப்படியோ குன்றின் மேல் இருப்பவர்களிடம் போய்ச் சேரும். எங்கள் வயல் இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. மூன்றாவது மழைக்காலம் வந்துகொண்டிருந்தது.

ஏன் உழவில்லை? ராணுவம் தடுத்தது என்று எழுதினால் உடனே நம்பிவிடுவீர்கள். தடுத்தது சோறு. பெரியப்பா மகன் தலாலின் கல்யாணத்தில், அப்பா வந்து சேர்வதற்குள் கறியும் சோறும் பரிமாறிவிட்டார்கள். கூடப்பிறந்த தம்பிக்காக அண்ணன் காத்திருக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. "அவர் கால் பட்ட வயல்ல என் ஏர் இறங்காது" என்றார் அப்பா. தாமதமாக வந்தவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் பெரியப்பா.

(அப்பா தாமதமானது சோதனைச் சாவடியில் நிறுத்திவைத்ததால். ஆக, ராணுவம்தான். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.)

ஊர்ப் பெரியவர்கள் தூது போய்க் களைத்துவிட்டார்கள். பெரியப்பாவிடம் நான் போய்க் கேட்டால், "உங்கப்பன் அனுப்பிச்சானா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வயல் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பேரும் ஆளுக்கொரு கூரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

யெப்பே பாத்திரத்தில் எனக்கு ஒரு சிக்கல்.

முதலில் எழுதிய படியில் அவருக்கு இருபத்து மூன்று வயது, நீலக் கண், முதுகில் கிட்டார். வாசகர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள் வந்ததும் உண்டு. ஒருத்தி எங்கள் கழுதையை வெகுநேரம் பார்த்துவிட்டு அதற்கு மனச்சோர்வு என்றாள். கழுதைக்குப் பக்கத்தில் நின்றிருந்த எங்களைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

நிஜமான யெப்பேக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வழுக்கை, பெரிய உடம்பு, வெயிலில் தக்காளியாகிவிடும் முகம். மனைவி இறந்த பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை என்றார். அவரிடம் கிட்டாரும் இல்லை, கருத்தும் இல்லை. சாப்பிட்டதும் எழுந்து பாத்திரம் கழுவப் போவார். என் அம்மா தட்டைப் பிடுங்குவாள், அவர் விடமாட்டார். மற்றபடி அவர் வேலை எங்கள் ஆடுகளோடு நடப்பதும், குன்றிலிருந்து யாராவது தடியோடு இறங்கினால் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்பதும்தான். எங்கள் முகத்தைவிட அவர் முகத்துக்கு மதிப்பு அதிகம். கோபித்துக்கொண்டு என்ன செய்ய? இந்தச் சந்தையின் நிலவரம் அது.

(இவரை இன்னும் கொஞ்சம் கோமாளியாக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.)

4

புதிதாக வரும் தொண்டரை முதலில் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். குடும்பத்துக்கு மூத்தவர் அவர். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் சுவரோரம் மெத்தைகளில் சாய்ந்திருந்தார்கள். தலால் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி யெப்பேயிடம் நீட்டினான். அவர் மரியாதையாக வாங்கினார். குடிக்காமல் தனக்கு முன்னால் தரையில் வைத்தார்.

அறையில் பேச்சு நின்றது.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி முதல் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், "உங்களிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், தந்தால்தான் குடிப்பேன்" என்று பொருள். பெண் கேட்பது, கொலைப்பழி தீர்ப்பது எல்லாம் இப்படித்தான். கேட்டது கிடைக்காமல் விருந்தாளி எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்ட முடியாது.

"குடிக்கச் சொல்லு, ஆறிடும்" என்றார் பெரியப்பா.

சொன்னேன். யெப்பே சங்கடத்தோடு சிரித்து, வயிற்றின் மேல்பக்கம், கிட்டத்தட்ட நெஞ்சில், கையை வைத்துக்கொண்டார். தனக்குக் குடற்புண் இருக்கிறது, காபியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். "அவருக்கு வயிறு சரியில்லை" என்று நான் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நீங்களும் வேறு வேலை பார்க்கப் போகலாம். எழுதுகிறவளுக்கு இருக்கும் அதே சபலம்தான் மொழிபெயர்க்கிறவளுக்கும். ஆள் கிடைத்துவிட்டான், வாயைத் திறந்து வைத்திருக்கிறான், அதில் எதைப் போடுவது?

"அவர் குடிக்க மாட்டாராம், பெரியப்பா. உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்காராம்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேக்கட்டும். என் வீட்ல காபியக் கீழ வெச்சவன் எவனும் வெறுங்கையோட போனதில்ல. என்ன, பொண்ணு கேக்கப் போறானா? இந்த வயசுலயா?"

பெரியவர்கள் சிரித்தார்கள். நான் யெப்பே பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் என்ன விளையும் என்று கேட்டேன். பாவம், மனிதர் அதை நிஜமாகவே யோசித்தார். தன் அப்பாவிடம் கொஞ்சம் நிலம் இருந்ததையும், அதில் பார்லி போட்டதையும், எப்போதும் ஈரமாக இருக்கும் அந்த மண்ணையும், கடைசியில் அதை விற்க வேண்டி வந்ததையும் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. இதைவிட நல்ல நடிகர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்: "'உங்க வயலக் காப்பாத்தத்தான் கடல் தாண்டி வந்தேன். உழாத வயல எப்படிக் காப்பாத்தறது? நீங்களும் உங்க தம்பியும் சேர்ந்து மழைக்கு முன்னாடி அத உழணும். நீங்க சரின்னு சொல்றவரைக்கும் இந்தக் காபி எனக்கு ஹராம், தொடமாட்டேன்'ங்கறார்."

"ஹராமா? அதெல்லாம் இவனுக்குத் தெரியுமா?"

"இங்க வந்து கத்துக்கிட்டார்."

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும். வெகுநேரம் என்னையே பார்த்தார். "இவன் பேச்சுல உங்கம்மா வாடை அடிக்குது" என்றார்.

பெரியவர்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாருடைய ஆடோ கத்தியது.

"குடிக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா கடைசியில். "அவன் கேட்டது கொடுத்தாச்சு."

நான் யெப்பேயிடம், தயவுசெய்து இதைக் குடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்னை இந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் விழுங்கினார். பெரியப்பா எழுந்து வந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். மறுநாள் முழுக்க யெப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் சுருண்டு கிடந்தார். அம்மா தயிர் கொடுத்தாள்.

5

உழுதார்கள். பேசிக்கொள்ளாமல் உழுதார்கள். விருந்தாளிக்கு அண்ணன் கொடுத்த வாக்கு பொய்த்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று அப்பாவும் ஏரை எடுத்துவிட்டார். பெரியப்பா கிழக்குக் கோடியிலிருந்து டிராக்டரில். அப்பா மேற்குக் கோடியிலிருந்து கழுதை பூட்டிய ஏரில். (ஆமாம், அதே கழுதை. அன்று அது உற்சாகமாகத்தான் இருந்தது.) நடுவில் ஒரு வீடு கட்டும் அகலத்துக்கு மண் மிச்சமிருந்தபோது ராணுவ வண்டி வந்தது.

அதிகாரிக்கு அரபு தெரியாது. கூடவே ஒரு சிப்பாய் மொழிபெயர்த்தான். இந்த நிலம் யாருடையது என்று கேட்டார்கள்.

இப்போது என் குடும்பம் செய்த காரியத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். பெரியப்பா டிராக்டரிலிருந்து இறங்கி, அப்பாவைக் கைகாட்டி, "இவனோடது" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். "என்னோடது இல்ல. எங்க அண்ணனோடது."

"இல்ல, எல்லாம் தம்பியோடதுதான்."

"பெரியவர் இருக்கறப்போ நான் யாரு?"

எங்கள் ஊரில் நல்ல சட்டையைப் பாராட்டினால்கூட "உனக்கே" என்போம். அந்த மரியாதையெல்லாம் இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, சரியாகத் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நின்றது. அவர்கள் மறுபடி பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரையும் அறைய வேண்டும்போலவும் இருந்தது.

அந்தச் சிப்பாய் நேர்மையான மொழிபெயர்ப்பாளன். கேட்டதைக் கேட்டபடியே சொன்னான்: இரண்டு பேருமே தன்னுடையதில்லை என்கிறார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த நேர்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு இது மூடப்பட்ட ராணுவப் பகுதி, எல்லோரும் வெளியேறுங்கள் என்றார்கள். யெப்பே போய் அந்த உழாத நடுத்துண்டில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, நானும் அவர் சார்பில் எதையும் மொழிபெயர்க்கவில்லை. நாலு பேர் தூக்கித்தான் அவரை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறும்போது என்னைப் பார்த்து, இந்த ஓட்டுநருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்றார். அந்த வாரமே அவரை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

6

முடிவுகள்.

விருது வாங்கும் முடிவு: அப்பா நடுத்துண்டில் சுடப்பட்டு— (எழுத மாட்டேன். அவர் பக்கத்து அறையில் தூங்குகிறார்.)

தொண்டர்கள் டென்மார்க்குக்குத் திரும்பி நூலகக் கூட்டங்களில் சொல்வதற்கான முடிவு: அதிகாரி மனம் மாறி, தானே ஏரைப் பிடித்து— (சிரிப்பு வருகிறது.)

உள்ள நிலைமை இது. மழை பெய்துவிட்டது. வயலின் இரண்டு கோடியிலும், உழும்போதே தூவிய கோதுமை முளைத்திருக்கிறது, நடுவில் முள். தடை இன்னும் எடுக்கப்படவில்லை. வயலோரம் ஜீப் நிற்கிறது. வசந்தத்தில் அளக்க வருவார்கள். உழுத நிலம் என்று முடிவு செய்தால் எங்களுடையது. அந்தத் துண்டையும் அதிகாரி எழுதிக்கொண்டதையும் காட்டி, கைவிடப்பட்டது என்றால் மொத்தமும் போய்விடும். பெரியப்பாவும் அப்பாவும் இப்போது தினமும் பேசுகிறார்கள். நடுத்துண்டு யாரால் நின்றது என்பதுதான் பேச்சு. கழுதை மெதுவாகப் போனது என்கிறார் ஒருவர், டிராக்டர் வழியில் டீசலுக்கு நின்றது என்கிறார் மற்றவர். ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

யெப்பே போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். வயிறு தேவலாமாம். வயல் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். கடைசியில், அன்று காபி குடித்ததற்கு உன் பெரியப்பா ஏன் எனக்கு முத்தம் கொடுத்தார் என்றும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் நான் இன்னும் பதில் போடவில்லை.

7

இவ்வளவு நேரம் நான்தான் பேசினேன். உங்கள் வீட்டுக்குள் வந்து, உங்கள் மெத்தையில் உட்கார்ந்து, உங்கள் மாலைப்பொழுதைத் தின்றுவிட்டேன். நீங்களும் பெருந்தன்மையோடு எனக்கு ஒரு காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. எனக்குக் குடற்புண் எதுவும் இல்லை.

கிண்ணத்தைக் கீழே வைக்கிறேன்.

அந்த நடுத்துண்டை யார் உழுவது, எப்படி உழுவது, ஜீப்பை என்ன செய்வது, எனக்குத் தெரியாது. இங்கே மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. நான் கேட்பதை மாற்றிச் சொல்ல ஆளில்லை. வயல் எங்களுக்கு வேண்டும். காபி ஆறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் சொல்லும்வரை நான் எழுந்திருக்கப்போவதில்லை.