வெந்நீர் ஆறுவதற்குள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில். பக்கத்து இருக்கையில் மணிமொழி என்ற பெண். கள்ளக்குறிச்சிக்கு என்ன வேலையாகப் போகிறாய் என்று சும்மா கேட்டேன்.

"தவலை வாங்கப் போறேன். வாய் சின்னதா, மூடியோட" என்றாள். சொல்லிவிட்டுத் தானாகவே சிரித்தாள். ஒரு மூடிக்கு இவ்வளவு சிரிப்பா? விசாரிக்காமல் எப்படி விடுவது?

2

முதல் தொடக்கம்: "மார்கழிப் பனி மலையை வெள்ளைப் போர்வையாகப் போர்த்தி—"

வேண்டாம். போர்வை போர்த்தாத பனி நம் கதைகளில் இதுவரை பெய்ததே இல்லை.

இரண்டாவது: "வாய் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் சீக்கிரம் ஆறும். ஆவி போகிற வழியில்தான் சூடும் போகிறது—"

உண்மைதான். ஆனால் பாடப்புத்தக வாடை. (நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். மணிமொழி திருநாவலூர்க்காரி. பிறந்த வீட்டு மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி. கோடையில் குழாயைத் திறந்தாலே கை சுடும். வெந்நீர் போடுவது பிள்ளை பெற்ற வீட்டுக் காரியம் என்று நினைத்து வளர்ந்தவள். ஐப்பசியில் கல்யாணம். கணவன் இளஞ்செழியன் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறான். குடித்தனமும் அங்கேயே.

3

செழியன் விடியுமுன்னே முதல் சவாரிக்குப் போய்விடுவான். அவள் நேரம் கழித்து எழுந்து கொல்லைக்குப் போனால், அடுப்புச் சாம்பல் இன்னும் சுடும். பக்கத்தில் அகன்ற அலுமினியக் குண்டானில் தண்ணீர் சில்லென்று இருக்கும். இந்த ஆள் வெந்நீரில் குளித்துவிட்டு, எனக்குப் பச்சைத் தண்ணீரை வைத்துவிட்டுப் போகிறானே! கேட்கலாம் என்றால் புதுப்பெண்ணின் கூச்சம். நடுங்கிக்கொண்டே குளித்தாள், நடுங்கிக்கொண்டே திட்டினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு பையில் துணிகளை எடுத்துத் திணித்தாள். முகத்துக்கு நேராக ஒரு கேள்வி, அப்புறம் அம்மா வீடு. மறுநாள் அவனுக்குப் பின்னாலேயே எழுந்துவிட்டாள்.

[இங்கே செழியனைக் கெட்டவனாக்க எனக்கு ஆசை. அழுகைக் காட்சி ஒன்றுகூட எழுதிப் பார்த்தேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அழுகை ஒட்டவில்லை, அடித்துவிட்டேன்.]

4

கொல்லையில் குண்டானிலிருந்து ஆவி பறந்தது. செழியன் அதைத் தொடவே இல்லை. வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குதித்துக்கொண்டிருந்தான். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசற்படிவரை கேட்டது.

"இன்னா மாமா இது? சுடுதண்ணிதான் பக்கத்துல இருக்குதே!"

"அது உனுக்கு. வெறகு ஒரே ஈரம். ஒரு குண்டான் காயறதுக்குள்ளயே சவாரிக்கு நேரமாயிடுது."

"எனுக்கா? நான் வந்து பாக்கறப்ப ஐஸா இருக்குது!"

"இன்னாது? நல்லா கொதிக்க வச்சிட்டுத்தான போறேன்?"

"தொறந்து போட்டுப் போனா ஆறாதா? ஒரு தட்ட எடுத்து மூடக்கூடாதா?"

அவன் சொம்பும் கையுமாக விழித்தான். "நீ தூக்கக் கலக்கத்துல கைய வுட்டுச் சுட்டுக்கப் போறியேனு... கொஞ்சம் ஆறட்டும்னுதான் மூடல."

மணிமொழி படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு உள்ளே ஓடி, சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து குண்டானை மூடி, மேலே ஒரு சாக்கையும் மடித்துப் போட்டாள்.

"மொதல்ல நீங்க குளிங்க மாமா. ஒதடே நீலமா ஆயிடுச்சி."

"உனுக்குத்தான் போட்டேன். நீ குளி."

"நீங்க குளிங்கன்றேன்!"

"நீ குளிம்மே!"

5

அப்புறம் யார்தான் குளித்தது? அதைக் கேட்பதற்குள் கள்ளக்குறிச்சி வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் பாத்திரக்கடைப் பக்கம் நடந்துவிட்டாள்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவன் குளித்தால் அவள் பிரியம் ஜெயிக்கிறது. அவள் குளித்தால் அவன் பிரியம். பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆளுக்குப் பாதி என்று வைத்தால் நியாயம் ஜெயிக்கும். ஆனால் மார்கழியில் இரண்டு பேருமே நடுங்குவார்கள். எனக்கோ மூன்றும் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை.

நீங்களே ஒரு முடிவு சொல்லிவிடுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். தட்டும் சாக்கும் இருக்கின்றன, தண்ணீர் கொஞ்ச நேரம் தாங்கும். ஈரத்துண்டோடு நிற்கிற செழியன் தாங்கமாட்டான்.