சராசரி ஐந்து நாள்

வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோது கதிர்வேல் சார் தன் ஆய்வேட்டை என் மடியில் வைத்தார்.

"செல்வி, இதைக் கொஞ்சம் புடி. ஒரு டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

அவர் எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர். நான் அதே அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இருவரும் பொது நிர்வாகம் எம்.ஏ., தொலைநிலைக் கல்வி, இரண்டாம் ஆண்டு. தேர்வு மையம் சேலத்தில் ஒரு கல்லூரி. நான் ஆறு மணி பஸ்ஸில் வந்திருந்தேன்.

அவருடைய ஆய்வேட்டின் அட்டை மெரூன் நிறம், தங்க எழுத்து. என்னுடையது நீலம். சும்மா புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் என் அட்டவணை இருந்தது.

எட்டுத் தெருக்கள். ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வந்தது என்ற கணக்கு. தெருக்களின் வரிசைகூட நான் வைத்த வரிசைதான். நான்கு, நான்கு, மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து. எட்டாவதாகக் காலனி. அதற்கு நேராக நான் பதினொன்று என்று எழுதியிருந்தேன். இங்கே நான்கு என்று இருந்தது.

அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: சராசரி, ஐந்து நாள்.

அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எட்டு எண்களில் ஒன்றுகூட ஐந்தைத் தாண்டவில்லை. பல எண்கள் ஐந்துக்குக் கீழே. சராசரி மட்டும் ஐந்து. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு காதும் சுட்டன.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். வந்த ஆறாம் மாதம் எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டேன். மனுக்கள் எங்கே போகின்றன, யார் கையெழுத்துக்குப் பிறகு ஒரு விஷயம் நடக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதெல்லாம் ஒரு பாடமாகவே இருக்கிறது என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. விண்ணப்பத்தை அலுவலக பிரிண்டரில் எடுத்தபோது சார் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுரு சாமி. ரிட்டயர் ஆவறதுக்குள்ள பேருக்குப் பின்னாடி ஒரு எம்.ஏ. இருக்கட்டும்" என்றார்.

பாடப் பணிகளைக் கையால் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வருடமும் அவருடையதை நான்தான் எழுதினேன். வித்தியாசம் தெரிவதற்காக அவருடைய தாள்களில் எழுத்தை வலப்பக்கம் சாய்ப்பேன். ஒரே புத்தகம், ஒரே விடை. 'நிர்வாகத்தின் பதில் சொல்லும் கடமையை விளக்குக' என்ற கேள்விக்கு எனக்கு இருபதுக்குப் பதினான்கு வந்தது. அவருக்குப் பதினெட்டு. அலுவலகத்தில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. நான் பொதுவாகவே எதுவும் சொல்வதில்லை.

ஆனால் ஆய்வேடு வேறு. அதற்காக அறுபத்தாறு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஸ்கூட்டியில் எட்டுத் தெருவும் சுற்றினேன். குழாய் திறந்திருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன். யார் சொன்னாலும் எழுதுவதில்லை. எங்கள் தெருவுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அதையே தாமதம் என்று அம்மா திட்டிக்கொண்டிருப்பாள். காலனிக்குள் அதுவரை நான் போனதே இல்லை. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

முதல் வாரம் காலனிக் குழாயடியில் வெறும் குடங்கள்தான் வரிசையில் இருந்தன. நான் தினமும் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்டு சென்னம்மாள் என்ற அம்மா பிடித்துக்கொண்டார். மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். மதியச் சோற்றுத் தூக்குப்போசி கையில் இருந்தது.

"ஏஞ்சாமி, குழாயென்ன மாப்பிள்ளையா? தெனமும் வந்து பாத்துப்போட்டுப் போறே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படிப்புக்காக என்றேன்.

"தண்ணி வாரதுக்கெல்லாம் ஒரு படிப்பா? வராததுக்கு இருந்தாச் சொல்லு, நாங்க அத்தன பேரும் பாஸு."

பிறகு அவர்தான் காரணத்தையும் சொன்னார். காலனிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே வால்வு. காலனியின் முறை வரும் நாளில் மண்டபத்தில் விசேஷம் இருந்தால் தண்ணீர் மண்டபத் தொட்டிக்குப் போய்விடும். தவறிய முறை தவறியதுதான்; அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தை, மாசி, பங்குனி. முகூர்த்தத்துக்கா பஞ்சம்?

"ஊருக்குள்ள ஆருக்குக் கல்யாணமுன்னாலும் எங்களுக்குத்தான் வெரதம். எழுதிக்கோ. ஆனா ஆப்பீசுல காட்டிப்போடாதே சாமி. வாரதும் நின்னுபோயிரும்."

நான் அலுவலகப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். காலனிக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டதாகத் தேதிவாரியாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கதிர்வேல் சாரின் கையெழுத்து இருந்தது. நான் பார்த்தது அறுபத்தாறு நாளில் ஆறு முறை. அதைத்தான் ஆய்வேட்டில் எழுதினேன். பிரிண்ட் எடுக்கும் முன், மாதிரிக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சார் பென் டிரைவை வாங்கினார். கொடுத்தேன். முகவுரையையோ தலைப்புகளையோ பார்த்து எழுதிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

டீ குடித்துவிட்டு வந்தவர் என் கையில் நாற்பத்தோராம் பக்கம் திறந்திருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சார், இது என்னோட டேபிளுங்க."

"ஒரே ஆபீஸு, ஒரே தண்ணி. வேற எப்படி இருக்கும்?"

"பதினொண்ணு நாலா இருக்குதுங்க."

"ரெக்கார்டுல நாலுதானே இருக்குது? பதினொண்ணுன்னு போட்டா என்ற கையெழுத்துக்கு நானே மெமோ குடுத்துக்கோணும்." குரலைத் தாழ்த்தினார். "நீயும் மாத்தியிருக்கோணும். வெவரம் பத்தாது உனக்கு."

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மெரூன் அட்டையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "நல்ல மனுசன். ஒண்ணும் பயப்படாதே" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் ஐம்பது வயதுக்காரர். என் நீல அட்டையைப் பிரித்தவர் நேராக அட்டவணைக்கு வந்து நின்றார். மேஜையின் ஓரத்தில் இருந்த மெரூன் அட்டையையும் பக்கத்தில் விரித்தார்.

"கம்ப்யூட்டர் ஆபரேட்டராம்மா நீங்க?"

"ஆமாங்க சார்."

"இவர் உங்க ஆபீசர். இவருக்கு டைப் பண்ணிக் குடுத்தீங்க. அப்படியே நீங்களும் ஒரு காப்பி எடுத்துக்கிட்டீங்க. ஒரு நம்பரை மட்டும் மாத்திட்டீங்க. சரியா?"

அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. எல்லாம் தெரிந்த விஷயம் என்பதுபோலச் சொன்னார். பனியில் ஸ்கூட்டி ஓட்டியது, காலனி நாய் துரத்தியது, வாரத்துக்கு ஆறு நாள் தூக்கத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்தது எல்லாம் வாய்வரை வந்தன. கடைசியில் வந்தது ஒரு வாக்கியம்தான்.

"அவரோட எட்டு நம்பரையும் கூட்டிப் பாருங்க சார்."

பென்சிலை எடுத்துக் கூட்டினார். முப்பத்து மூன்று. எட்டால் வகுத்தார். கீழே இருந்த ஐந்தைப் பார்த்தார். பிறகு என்னுடையதைக் கூட்டினார். நாற்பது. எட்டால் வகுத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எனக்கும் தெரிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நொடி நம்பினேன்.

அவர் மெரூன் அட்டைக்காரரின் ஐந்தை அடித்து, ஓரத்தில் 4.1 என்று எழுதினார்.

"சார்!"

"அவருக்கு எண்பத்திரண்டு போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சும்மா. இப்ப அதை மாத்தணும்னா யுனிவர்சிட்டிக்கு ரிப்போர்ட் எழுதணும். விசாரணை வரும். ரெண்டு பேர் ரிசல்ட்டும் நிக்கும். உங்களுக்கு அது நல்லதா?" ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "சொந்த விருப்பத்துல வாபஸ் வாங்கறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வேற தலைப்புல பண்ணுங்க. ஆறு மாசம்தானே."

என் படிப்பில் ஆறு மாதம். அதை எவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுக்கிறார். கூட்டல் தெரிந்த மனிதர். எது பொய் என்று கண்டுபிடித்த கையாலேயே அந்தப் பொய்யைத் திருத்தமாக்கிக் கொடுத்துவிட்டார். மார்ச் மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது கதிர்வேல் சார். அதுவும் எனக்கு நினைவு வந்தது.

"எழுதறேங்க சார். ஆனா வாபஸ் இல்லைங்க. என்ன நடந்ததுன்னு எழுதறேன். நீங்க கூட்டிப் பார்த்ததையும் சேத்து."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "யோசிச்சு எழுதுங்க" என்றார்.

தாளை ஜன்னலோர மேஜைக்கு எடுத்துப் போனேன். தேதி எழுதினேன். பெறுநர் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் கீழே வேப்பமரத்தடியில் பேரூராட்சியின் ஜீப் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் இருந்து கதிர்வேல் சார் தலையை நீட்டி மேலே பார்த்தார்.

"செல்வி! முடிஞ்சுதா? வா சாமி, போற வழில ஊட்டுல எறக்கி உட்டர்றேன்."

நான் குனிந்து எழுதினேன். அவர் டிரைவரை ஒருமுறை ஹாரன் அடிக்கச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு இன்ஜின் நின்றது. ஜீப்பின் கதவு சாத்தப்படும் சத்தம். மாடிப்படியில் செருப்புச் சத்தம், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.

நான் மூன்றாவது வரியில் இருந்தேன். எழுத்து எந்தப் பக்கமும் சாயவில்லை.