ஐசாயா மேபின் யாருடைய ஆள்?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு சிற்றூர், 1988ஆம் வருடம். ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள் என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் மாதிரிப் பக்கம் ஒன்று வந்திருந்தது. ஓர்லீன் மேபின் அதைப் படித்துவிட்டுக் காபியைத் தள்ளிவைத்தாள்.

'ஹார்ட்விக் குடும்பத்தோடு அவர்களுடைய கறுப்பின வேலையாள் ஐசாயா மேபினும் வந்து குடியேறினார்.'

ஐசாயா அவளுடைய கொள்ளுத்தாத்தா. சொந்த நிலத்தில் சோளம் போட்டவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வாய்ப்பேச்சு போதாதே. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் மைக்ரோஃபிலிம் சுருளைக் காப்பகத்திலிருந்து தருவித்துத் தரும்படி பொது நூலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தாள். வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாள் நூலகர் டெல்லா.

ஏழு வாரம் ஆயிற்று. கூப்பிடவே இல்லை. நேரில் போய்க் கேட்டாள்.

"அது வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சே," என்று இழுத்தாள் டெல்லா. "மிசஸ் ஹார்ட்விக் பாக்கணும்னாங்க. புத்தகம் எழுதுறவங்களாச்சேன்னு குடுத்தேன். அவங்க முடிச்சப்போ திருப்பி அனுப்பவேண்டிய கெடுவும் முடிஞ்சிடுச்சு."

"படிவத்துல யார் பேரு இருந்துச்சு?"

"உங்க பேருதான்."

"அப்போ எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல? முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸ்ல பேரு பாத்துக் கடுதாசி பிரிச்சுப் போட்டேன். ஒருத்தர் பேருக்கு வந்தத இன்னொருத்தர் கையில குடுத்திருந்தா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருப்பாங்க!"

டெல்லா முகம் சிவந்து புதுப் படிவத்தை நீட்டினாள்.

இரண்டாம் முறை சுருள் வந்த அன்றே போன் வந்தது. ஓர்லீன் சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். மங்கலான திரையில் பக்கம் பக்கமாகக் கிறுக்கல் ஓடியது. மதியத்துக்கு மேல் அகப்பட்டது. ஐசாயா மேபின், முப்பத்து நான்கு வயது, விவசாயி, வீட்டுத் தலைவர் இடத்தில் முதல் பெயர். கீழே மனைவி, மூன்று பிள்ளைகள். அதே வீட்டில் கடைசி வரி: லெவி ஹார்ட்விக், பத்தொன்பது, வெள்ளையர், பண்ணைக் கூலி.

இந்தச் சுருளை மிசஸ் ஹார்ட்விக் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டும் செய்தித்தாளில் வந்த 'வேலையாள்' வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறாள்.

நகல் எடுத்துக்கொண்டு நேரே ஹார்ட்விக் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஓர்லீன், அந்தக் காலத்துக் கையெழுத்து. ஒண்ணும் சரியாப் புரியாது," என்றாள் மிசஸ் ஹார்ட்விக், காகிதத்தைக் கையில் வாங்காமலே.

"மிஸ் மேபின்னு கூப்பிடுங்க. லெவி உங்களுக்கு என்ன முறை?"

"என் வீட்டுக்காரரோட தாத்தா."

"அவரு எங்க வீட்ல கூலிக்கு இருந்திருக்காரு. அது ஒண்ணும் கேவலமில்ல. பொய் எழுதுனீங்களே, அதுதான் கேவலம்."

"அச்சுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடலாம், மிஸ் மேபின்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் அவள்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. 'வேலையாள்' இல்லை. விவசாயியும் இல்லை. மேபின் என்ற பெயரையே முழுவதுமாக எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஓர்லீன் புத்தகத்தை நூலக மேசையில் பொத்தென்று போட்டாள். டெல்லா புரட்டிப் பார்த்தாள். ஓர்லீனிடமிருந்த கணக்கு நகலை வாங்கி இன்னொரு பிரதி எடுத்து, நூலகத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினாள்.

"மேலிடத்துல கேட்டா?"

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்."

ஓர்லீனுக்குக் கோபம் ஆறவில்லை. ஊரில் மற்றவர்கள் வாங்கிய பிரதிகளில் யார் ஒட்டுவார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள்.