மிச்சம் வைத்த வேகம்

ரெத்தினம் பத்துக் கார் பந்தயம் ஓட்டி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை, திருவிடைமருதூருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவன், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் சென்னை, பெங்களூர்ப் பணக்காரர்களோடு போட்டி போட்டதே பெரிசு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசியவர்கள் அவன் ஓட்டிய வண்டிகளை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

முதல் வண்டி நாகப்பட்டினம் அஹமது கபீருடையது. வாரம் முழுக்கக் கருவாடு ஏற்றிவிட்டு, சனிக்கிழமை கழுவிப் பந்தயத்துக்கு அனுப்புவார். முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் ஓட்ட முடியும். அடுத்தது பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருடையது. அதில் முன் டயர் இரண்டும் ஒரு ஜாதி, பின் டயர் இரண்டும் வேறு ஜாதி. மூன்றாவதாக வந்து வாய்த்தவர்தான் இராஜாங்கம். ரெத்தினம் டிராக்டர் ஓட்டிய பண்ணையின் முதலாளி அவரே. பந்தயப் பைத்தியம் தலைக்கேறியவர். ஆனால் ஆசைக்கேற்ற கையிருப்பு அவரிடமும் கிடையாது. அவருடைய வண்டிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் ஆறு பந்தயம் ஓடியிருக்கிறது.

இத்தனை ஓட்டை வண்டிகளும் ரெத்தினத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. அவன் கையில் வண்டி உடையாது. சேற்றில் டிராக்டர் ஓட்டிப் பழகிய உள்ளங்கால் அவனுக்கு. இன்ஜின் திணறப் போவது அந்தக் காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நேர்ப்பாதை முடியுமுன் காலைக் கொஞ்சம் தளர்த்துவான். மற்றவன் வண்டி புகைந்து ஓரத்தில் நிற்கும்போது இவன் வண்டி இருமிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டும். ஏழாவது, ஆறாவது, ஒருமுறை நான்காவது. உடைந்தால் மாற்றிப் போட வக்கில்லாதவர்களுக்கு இப்படி ஒருவன்தான் தேவை.

முப்பத்தாறு வயதாகிவிட்டது. நல்ல வண்டி ஒன்று, ஒரே ஒரு தடவை கிடைத்தால் போதும் என்று ரெத்தினம் ஏங்கினான். அந்த ஏக்கத்தைத் தெரிந்து வைத்திருந்தவர் இராஜாங்கம்.

எழுபத்தொன்றாம் வருஷம், தை பிறந்து பத்து நாள். வண்டிக் கொட்டகைக்கு அவனைக் கூப்பிட்டு ஒரு போட்டோவைக் காட்டினார். தாழ்வான, சிவப்பு நிறக் கார். பந்தயத்துக்கென்றே கட்டியது. சென்னையில் ஒருவர் விற்கிறாராம்.

"இதுலதான் மாசிப் பந்தயத்துக்கு நீ போற" என்றார்.

ரெத்தினம் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "நெசமாவாங்க அய்யா?"

"ஒங்கப்பன் உழுவுற என்னோட ஆறு மா நெலத்தை வித்துத்தான் வாங்கணும். நெலம் வாங்குறவரு கும்பகோணத்துக்காரரு. ஆனா ஒங்கப்பன் பேரு குத்தகைக்காரன்னு பதிவாயிட்டா அவரு தொடமாட்டாரு. சட்டம் அப்படி வந்துருக்கு. நாளன்னைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்குத் தாசில்தார் விசாரணைக்கு வர்றாரு. ஒங்கப்பன் கூலிக்குத்தான் பாக்குறாருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ரெத்தினம் கையிலிருந்த போட்டோவைக் கீழே வைக்கவில்லை.

"ஒங்கப்பனுக்கு வேலை போகாது. அதே வயல்ல கூலிக்கு வச்சுக்கச் சொல்றேன். நல்லா யோசி. இன்னொரு வண்டி ஒன் ஆயுசுல வராது" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் சத்தியம் என்பது ரெத்தினத்துக்குத் தெரியும்.

வீட்டில் பேச்சே அந்த விசாரணையைப் பற்றித்தான். ரெத்தினத்தின் மனைவி அம்சவல்லி விவசாயச் சங்கத்தில் இருந்தாள். எந்த நிலத்தை யார் உழுகிறார்களோ அவர்கள் பேரைப் பதிவு செய்துவிட்டால் அப்புறம் யாராலும் வெளியேற்ற முடியாது என்று மாமனார் மருதையனுக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மருதையன் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆறு மாவை உழுகிறார். வாய்ப்பேச்சுக் குத்தகை. களத்தில் நெல்லை மரக்காலால் அளந்து போட்டால் கணக்குத் தீர்ந்தது. ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் எல்லாம் சாட்சியைப் பொறுத்தது.

"பக்கத்து வயக்காரங்க நாலு பேரு சாட்சி சொல்ல வர்றேன்னாங்க மாமா" என்றாள் அம்சவல்லி.

"அவங்களுக்கு எதுக்கும்மா ஆண்டைகிட்ட பொல்லாப்பு? என் மவன் சொன்னா பத்தாதா? மெட்ராசு வரைக்கும் போய் வந்தவன். எடுபடும்" என்றார் மருதையன். ரெத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

விசாரணையன்று பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தாசில்தார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மருதையன் சலவை வேட்டியில் வந்திருந்தார்.

"இந்த நெலத்தைக் குத்தகைக்குப் பாக்குறியா, கூலிக்கா?"

"குத்தகைக்குங்க. இருவத்திரண்டு வருசம்."

"சாட்சி?"

"என் மவன் இருக்கானுங்க." மருதையன் திரும்பி, மகனைக் கையைப் பிடித்து முன்னால் விட்டார்.

ரெத்தினம் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி நின்றான். கண்ணுக்குள் அந்தச் சிவப்பு வண்டிதான் நின்றது. வெட்கக்கேடுதான். அவனுக்கும் அது தெரியும். "கூலிக்குத்தாங்க பாக்குறாரு" என்றான்.

அம்சவல்லி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். தாசில்தார் நிமிர்ந்து, "பெரியவரே, ஒங்க மகன் சொல்றது சரியா?" என்று கேட்டார். அந்த ஆள் நல்லவர். பெரியவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

மருதையன் மகனை ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே நின்ற பக்கத்து வயல்காரர் நாலு பேரும் சாட்சி சொல்ல உள்ளே வந்திருப்பார்கள். ஆனால் அரசாங்க அதிகாரி முன்னால் பெற்ற பிள்ளையைப் பொய்யன் ஆக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அவன் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

வெளியே வந்ததும் அம்சவல்லி, "இனிமே என்கூடப் பேசாதீங்க" என்றாள். மருதையன் அதுகூடச் சொல்லவில்லை. வழக்கம்போல வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார்.

ஆறு மா கும்பகோணத்துக்காரர் கைக்குப் போனது, சிவப்பு வண்டி வந்து சேர்ந்தது. மாசியில் பந்தயம். சிவப்பு வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது ரெத்தினத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கயிறு இல்லை, கருவாட்டு வாடை இல்லை, நாலு டயரும் புதுசு. பதினைந்து சுற்று. கொடி அசைந்ததும் அவன் முந்திய முந்தலில் கூட்டம் எழுந்து நின்றது. மூன்றாவது சுற்றிலேயே இரண்டாவது இடம். முன்னால் ஒரே ஒரு பச்சைக் கார். அதுவும் எட்டாவது சுற்றில் புகைவிடத் தொடங்கியது.

அமுக்கினால் போதும். ரெத்தினம் அமுக்கினான். நேர்ப்பாதை முடியப்போகும் இடத்தில் கால் தானாகத் தளர்ந்தது. அடுத்த சுற்றில் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் கால் தளர்ந்தது. இன்ஜின் திணறவே இல்லை. திணறிவிடுமோ என்ற பயம் மட்டும் பத்துப் பந்தயமாய் அந்தக் காலில் ஊறிப்போயிருந்தது. அப்பாவின் ஆறு மாவும் இந்த இரும்புக்குள் இருக்கிறது, உடைத்துவிடாதே என்று வேறு உள்ளுக்குள் ஒரு குரல். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே கத்தினான். பச்சைக் கார் புகைந்துகொண்டே, ஒரு வண்டி நீளம் முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டியது. தாண்டிய இடத்திலேயே அதன் இன்ஜின் வெடித்து நின்றது.

இராஜாங்கம் வந்து சிவப்பு வண்டியின் மூடியைத் திறந்து இன்ஜினைப் பார்த்தார். திட்டுவார் என்று ரெத்தினம் எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

"தண்ணிகூடக் கொதிக்கல" என்றார். "யாருக்காகடா மிச்சம் வச்ச?"

அன்றைக்கே அந்த வண்டிக்கு வேறொருவர் விலை பேசினார். இராஜாங்கம் சரி என்றார். அதன்பிறகு ரெத்தினத்தை ஓட்டச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஊர் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. ஆறு மாவில் தாளடி நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மருதையன் உழுது, நட்டு, தண்ணீர் கட்டிய பயிர். புது முதலாளியின் ஆள் குடை பிடித்து வரப்பில் நின்றிருந்தான். அறுக்கிறவர்கள் வரிசையில் அம்சவல்லி இருந்தாள். அவள் நிமிரவில்லை. கடைசி ஆளாக மருதையன்.

ரெத்தினம் வரப்போரம் போய் நின்றான். மருதையன் அரிவாளோடு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதமாக மகனோடு பேசாதிருந்தவர் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே தம்பி?"

"ஒண்ணும் ஆவலப்பா."

"ஒனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்பறம் என்ன. வெயில்ல நிக்காத, போ" என்றார்.

ரெத்தினம் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மருதையனின் கை ஒரு நொடி நின்றது. வரப்பில் நின்ற ஆள், "என்ன பெரியவரே, வரிசை பிந்துதுல்ல" என்று குரல் கொடுத்தான். மருதையன் குனிந்து அறுத்துக்கொண்டே போனார். சொந்தச் சாகுபடியாக இருந்தால் அரிவாளைப் போட்டுவிட்டு மகனிடம் வந்திருப்பார். கூலிக்கு அறுக்கிறவர் பாதியில் நிற்க முடியாது.