சின்னக் கேள்வி

கேள்வி பெரிதாக இருந்தால் ஆராய்ச்சி படுத்துவிடும். பன்னிரண்டாம் தர வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ‘உலகம் வெப்பமாவது ஏன்?’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு உலகத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? நடந்துபோய்க் கேட்கக்கூடிய கேள்வியாகக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். கரும்பலகையில் படிகளை எழுதியிருந்தேன். கேள்வியைச் சின்னதாக்கு என்பது முதற்படி. கண்டறிந்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல் என்பது கடைசி.

யதுஷா எழுதி வந்த கேள்வி, ‘என் அப்பா எங்கே?’

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா அவளையும் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்த நேரம், பால்மா வாங்கப் புறப்பட்ட அப்பாவை வீட்டு வாசலிலேயே ஒரு வான் வண்டி ஏற்றிக்கொண்டு போனது. அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. இருந்தும், வருவார் என்றே இருக்கிறார். விசாரிக்கத்தான் கூப்பிட்டார்கள், அவரும் தானாகவே ஏறிப் போனார் என்று பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அன்ரி அன்றே சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும்.

வேறு தலைப்பு எடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயம். பயத்தைப் பாடம்போலச் சொன்னேன்.

"இது பெரிசு பிள்ளை. சின்னதாக்குங்கோ."

‘கொண்டுபோனது யார்?’ என்று வந்தாள். யாரிடம் போய்க் கேட்பாய் என்று அதையும் திருப்பினேன். ‘அன்று தெருவில் நின்றது யார்?’ என்று கேட்கப் போனாள். கடைக்கார அஷ்ரப் நானா கதவைச் சாத்தியிருந்தாராம். புளோறன்ஸ் அன்ரிக்கு இப்போது ஒன்றும் ஞாபகமில்லையாம்.

"முழு ரோட்டுமே அண்டைக்கு வீட்டுக்குள்ளதானாம், மிஸ்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா?

"இன்னும் சின்னன் ஒண்டு கேட்டுப் பாருங்கோ."

அடுத்த கிழமை பள்ளி விட்ட பிறகு வந்தாள்.

"அப்பா செருப்புப் போட்டிருந்தவரா எண்டு அன்ரியிட்டக் கேட்டனான், மிஸ். அது ஒருத்தருக்கும் பயமில்லாத கேள்விதானே."

"என்ன சொன்னா?"

"அழுதிட்டா. ரெண்டு செருப்பும் ரோட்டிலதான் கிடந்ததாம். அப்பா வீட்டுக் கேற்றுக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லையாம். கைவிரலை அடிச்சு விடுவிச்சு இழுத்தவங்களாம். அம்மா காணக்கூடாதெண்டு செருப்பை எடுத்துக் குப்பையில போட்டது அன்ரிதானாம். தானா ஏறினார் எண்டது அம்மாவுக்காகச் சொன்ன பொய்யாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கீழே பள்ளிக் கேற்றடியில் அவளைக் கூட்டிப்போக அம்மா வந்து நின்றார்.

"அம்மாட்டச் சொல்லோணுமா, மிஸ்?"

அவள் கண் கரும்பலகையில் இருந்தது. நான் எழும்பிப் போய்க் கடைசிப் படியை உள்ளங்கையாலேயே அழித்தேன்.

"அழிச்சாப்போல எனக்கு மறக்குமே, மிஸ்?" என்றாள்.